ரிமோட்டு மடியில், கார் கேட்டில்

1998 ஆகஸ்ட் 19, புதன்கிழமை. காலை 10.55.

செறுவிளை பகவதி கோயிலில் தொழுது முடித்த சோமன், வாசலுக்கு உள்ளே மரக்கம்பி அழியில் தொங்கிய தன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கார் நின்ற இடத்தைப் பார்த்தார். நசுங்கிய நான்கு எலுமிச்சம்பழங்கள் கிடந்தன. ஐந்து கஜம் தள்ளி, காரில் கட்டிய மாலையிலிருந்து உதிர்ந்த மஞ்சள் கேந்திப்பூக்கள் கிடந்தன. காரைக் காணவில்லை.

கை தானாக இடுப்புக்குப் போனது. ரிமோட்டு வேட்டி மடியில், பிரசாத இலையோடு சேர்ந்து பத்திரமாக இருந்தது. அதை எடுத்து வெறும் ரோட்டை நோக்கி நீட்டி இரண்டு முறை அமுக்கிக்கூடப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் சத்தம் போட்டார்.

ஊரில் எல்லாருடைய காரும் சாவி போட்டால் ஓடும். சோமனுடைய கார் பொத்தானைக் குத்தினால் ஓடும். பதினெட்டு வருஷம் ஷார்ஜாவில் ஏசி ரிப்பேர் பார்த்துவிட்டு வந்தவர் அவர். வரும்போது ஒரு பெட்டியில் அந்தச் சாதனத்தைக் கொண்டுவந்து, பாறசாலை எலக்ட்ரீஷியன் டெனிலை வைத்து, தன் வெள்ளைக் காரில் பொருத்திக்கொண்டார். அதோடு வந்த தீப்பெட்டி அளவு ரிமோட்டு காருக்கு ஆறடிக்குள் இருந்தால்தான் பொத்தானுக்கு உயிர் வரும். ஆனால் இந்த ரகசியத்தை சோமன் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் வித்தையில் என்ன மிச்சம்? டீக்கடை முன்னால் காரை நிறுத்தி, நாலு பேர் பார்க்க, "சாவியே வேண்டாம் மக்கா, ஒரு குத்து!" என்று காட்டுவதுதான் அவருக்கு இப்போது கிடைத்த சந்தோஷம். பாவம், அதைக் குறை சொல்வதற்கில்லை.

இப்போது போனது கார் மட்டும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் நந்தனாவுக்குக் கல்யாணம். அவளுக்குப் போடவேண்டிய பன்னிரண்டு பவுன் தங்க மாலையையும் அன்று பகவதியின் காலடியில் வைத்துப் பூஜித்து வாங்கி, காரின் டேஷ்போர்டு பெட்டியில் பூட்டியிருந்தார்.

பகல் 12.10.

ஏட்டு சத்தியதாஸ் ஆட்டோவிலிருந்து இறங்கினார். ஐம்பத்திரண்டு வயது, மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் நீலப் பேனா. எந்தக் கேஸிலும் முதலில் ஒரு வட்டம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். சி.எஸ்.ஐ. சபைக்காரர் என்பதால் கோயில் மதிலுக்கு உள்ளே கால் வைத்தது கிடையாது. இப்போது வைக்க நினைத்தாலும் முடியாது. பதினொன்றேகாலுக்கே நடை அடைத்து, வெளிவாசலைப் பூட்டி, பூஜை செய்யும் போற்றி வீட்டுக்குப் போய்விட்டார். இனி அஞ்சு மணிக்குத்தான் திறப்பார்.

ஆலமரத்தடியில் இருபது பேர் கூடி நின்றார்கள். சோமன் சட்டைப் பட்டனை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றார். செண்டை மேளம் அடித்தவர்கள் செண்டையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி ஒரு ஜீப். அதன் மட்கார்டில் சாய்ந்து, வெற்றுத் தோளில் ஈரத் தோர்த்துத் துண்டும் நெற்றியில் காய்ந்த சந்தனமுமாக அதன் டிரைவர் பொன்னப்பன் நின்றான். சோமனின் சொந்தக்காரர்களை ஒற்றசேகரமங்கலத்திலிருந்து காலையில் ஏற்றி வந்தவன் அவன்தான்.

"முதல்ல இருந்து சொல்லும்," என்றார் சத்தியதாஸ்.

"பத்து மணிக்கு வண்டிக்குப் பூஜை தொடங்கினாவ. மாலையும் ரிமோட்டும் உள்ள கொண்டு வச்சு, போற்றி திருப்பித் தந்தாரு. மாலையப் பெட்டியில வச்சுப் பூட்டினேன்."

"எல்லாரும் பாத்தாவளா?"

"சுத்தி நின்ன அத்தனை பேரும் பாத்தாவ. பின்ன வண்டிய எடுத்து எலுமிச்சம்பழத்துல ஏத்தி, கொஞ்சம் முன்னால கொண்டு நிறுத்தினேன். இறங்கி, எல்லாரும் ஒருக்கத் தொழ உள்ள போனோம்; செண்டைகாரன்மாரு மட்டும் நடையைப் பாத்து அடிச்சிட்டு நின்னாவ. மணி பத்தரை கழிஞ்சிருக்கும்."

"எஞ்சினை ஓஃப் பண்ணினீரா?"

சோமன் அவரைக் கோபமாகப் பார்த்தார். "என்ன ஏட்டு சாரே இது? ரிமோட்டு எனக்க மடியில இருக்கு. சாவி கையில இருந்தா வண்டி ஓடுமா?"

"பூட்டினீரா?"

"பூட்டவே வேண்டாம். நான் ஆறடி விலகினா அது தன்னால பூட்டிக்கிடும். கொண்டுபோகணும்னா இன்னொரு ரிமோட்டு வேணும். அது டெனிலுக்கு மட்டும்தான் செய்யத் தெரியும். இங்கதான் நின்னான், ரோட்டில, ஸ்கூட்டரோட. ஏதாவது கோளாறு வந்தா பாக்கணும்னு நான்தான் வரச் சொன்னேன். பத்தரைக்குப் பிறகு ஆளைக் காணல்ல."

சோமனின் மனைவி சத்யபாமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்தாள். "பெட்டியோட வந்த ரண்டாவது ரிமோட்டு வீட்டு அலமாரியில பிளாஸ்டிக்கு பிரிக்காம இருக்கு. இப்பதான் ஆளனுப்பிப் பாத்தேன். சாரே, ஞாயிற்றுக்கிழமை எனக்க பிள்ளை வெறுங்கழுத்தோட நிக்கணுமா?"

டெனில் சத்தியதாஸுக்குத் தெரியாதவன் அல்ல. போன மாதம்தான் அவனுடைய பாஸ்போர்ட் விசாரணைக்கு அவர் அவன் வீட்டுக்குப் போயிருந்தார். 'நல்லொழுக்கம் உள்ளவர், வழக்கு எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். வெள்ளிக்கிழமை டெனிலுக்கு மும்பைக்கு ரெயில், அங்கிருந்து மஸ்கட்டுக்கு விமானம். எஃப்.ஐ.ஆரில் பேர் ஏறிவிட்டால் பாஸ்போர்ட் ஸ்டேஷனில், பையன் கோர்ட்டு வராந்தாவில். பிறகு அந்த விசா இன்னொருவனுக்குப் போகும்.

அந்த நேரத்தில் சைக்கிளில் ஒரு செய்தி வந்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளி ரெயில்வே கேட்டில் வெள்ளைக் கார் ஒன்று ஆளில்லாமல் நிற்கிறது.

"பொன்னப்பா, ஜீப்பை எடு. கேட்டு வரைக்கும் போவோம்," என்றார் சத்தியதாஸ்.

பொன்னப்பன் தோர்த்தை இடுப்பில் இறுக்கிக் கட்டினான். "கிளச்சு கேபிளு அறுந்து கிடக்கு ஏட்டு சாரே. கூட்டி வந்தவங்களையே பஸ்ஸில போகச் சொல்லியாச்சு. ஆளு வந்து மாத்தணும், அதுவரை நான் இங்கதான்."

அவர்கள் ஆட்டோவில் போனார்கள்.

பகல் 12.50.

கார் ரோட்டோரத்தில், மரச்சீனிக்கிழங்குத் தோட்டத்தின் வேலியை ஒட்டி நின்றது. கீறல் இல்லை, கண்ணாடி உடையவில்லை. முன்னால் கேந்திப்பூ மாலை பாதி தொங்கிக்கொண்டிருந்தது. சத்தியதாஸ் இறக்கியிருந்த கண்ணாடி வழியாக உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார். கியர் நியூட்ரலில் இருந்தது. ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தது. டேஷ்போர்டு பெட்டியின் மூடியை எதையோ விட்டு நெம்பியிருந்தார்கள், பூட்டு பிய்ந்து தொங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை.

விரலடையாளம் எடுக்கும் ஆசை இருந்தால் அதுவும் போச்சு. சோமன் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்து, பெட்டியைத் தடவி, நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகையின் நடுவே பழக்கதோஷத்தில் பொத்தானையும் குத்தினார். எஞ்சின் ஒரே குத்தில் உயிர்பெற்றது.

"கோளாறு ஒண்ணும் இல்ல," என்று சத்தியதாஸ் நோட்டில் எழுதினார்.

கேட்மேன் ஈசாக், இரணியல் பக்கத்துக்காரர். இங்கே மாற்றலாகி வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது.

"கேட்டு எப்ப அடச்சீரு?"

"பத்து நாப்பத்தஞ்சுக்கு. ரெயிலு லேட்டு. திறக்கும்போ பதினொண்ணு."

"கார் எப்ப வந்தது?"

"அடச்ச உடனே வந்தது. முதல் வண்டி அதாக்கும். பின்னால ஒரு லாரி, ஒரு பூவாறு பஸ். சாதாரணமா காருகாரன்மாரு கேட்டில கண்ணாடிய ஏத்திட்டு, ஏசியும் போட்டிட்டு இருப்பாவ. இவன் வந்தான், ஓஃப் பண்ணினான், இறங்கி நின்னான். ஜீப்புகாரன்மாரும் டெம்போகாரன்மாரும்தான் அப்பிடிச் செய்யிவாவ, டீசலுக்குப் பயந்து."

"பிறகு?"

"கேட்டு திறந்தா வண்டி கிளம்பல்ல. பொத்தானோ என்னமோ, குத்திக் குத்திப் பாத்தான். பின்னால ஒரே ஹாரன். லாரிகாரனும் பஸ்ஸில உள்ள நாலு பேரும் இறங்கித் தள்ளி ஓரத்தில விட்டிட்டு ஏசிட்டுப் போனாவ. இவன் கொஞ்சம் நேரம் தலைய உள்ள விட்டு என்னமோ நோண்டினான். ஒயரு பாக்குதான்னு நினைச்சேன். பின்ன பாத்தா ஆளு இல்ல."

"முகம் எப்பிடி?"

"முகமா? நான் கொடியும் பிடிச்சு அங்க நிக்கேன். முதுகுதான் பாத்தேன். சட்டை கிடையாது, வெறும் மேலு. தோளில தோர்த்து. மரச்சீனி பிடுங்க வந்த கூலியாள்னு நினைச்சேன்."

"கூலியாள் காரோட்டுவானா ஓய்?"

"அதுவும் சரிதான்," என்று ஈசாக் தலையைச் சொறிந்தார். "வேட்டியும் நல்ல வேட்டி. கசவுச் சரிகைக் கரை, பாலராமபுரம் நெசவு. மடிப்புக் கலையல்ல."

இதையும் சத்தியதாஸ் எழுதிக்கொண்டார். ஏன் என்று அப்போது அவருக்கே தெரியாது.

பிற்பகல் 1.45.

எஸ்.ஐ. கோட்டயத்துக்காரர், வந்து நாலு மாதம். அவருக்கு எல்லாம் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும். கார் நூதனமான கார். அந்த நூதனம் தெரிந்தவன் ஒருவன். அவன் சம்பவ நேரத்தில் அங்கிருந்து மறைந்தவன். சட்டை போடாத ஆள் அவன் கூலிக்கு வைத்த டிரைவர். பாறசாலை ஜங்ஷனில் டெனிலைப் பிடித்து வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தாயிற்று.

"பத்தரைக்கு எங்க போனே?" என்று சத்தியதாஸ் கேட்டார்.

"விசா பேப்பர் போட்டோஸ்டாட் எடுக்கப் போனேன் அண்ணா. கரண்டு இல்லாம கடை அடச்சிருந்தது. அங்கயே காத்து நின்னேன்."

"கண்டவங்க உண்டா?"

"அடச்ச கடைக்கு முன்னால யாரு வருவா?" டெனிலுக்கு இருபத்தாறு வயது. "வெள்ளிக்கிழமை ரெயிலு அண்ணா. அம்மா அச்சு முறுக்கு வரைக்கும் சுட்டு வச்சிருக்கு."

எஸ்.ஐ. அறையிலிருந்து குரல் வந்தது. "ஏட்டே, ஆறு மணிக்கு எஃப்.ஐ.ஆர். எழுதும், கேட்டோ. அதிலே இவன் பேரு உண்டாகும்."

சத்தியதாஸ் சாப்பிடப் போகவில்லை. பையன் திருடனாக இருந்தால் தன் கையெழுத்துப் பொய்யாகும் என்ற வெட்கம் ஒரு பக்கம்; திருடனாக இல்லாவிட்டால் ஒரு வாழ்க்கையே போகும் என்ற பயம் மறுபக்கம். இரண்டாவதுதான் அவரை உட்காரவிடாமல் அடித்தது.

பிற்பகல் 3.15.

சோமன் காரை ஓட்டிக்கொண்டுவந்து ஸ்டேஷன் முற்றத்தில் விட்டிருந்தார். சத்தியதாஸ் டெனிலை வெளியே கூப்பிட்டார்.

"காலையில சோமன் என்ன செய்தாரோ, அதே மாதிரி இப்பவும் செய்யச் சொல்லு. நான் பாக்கணும்."

சோமன் முனகிக்கொண்டே ரிமோட்டை மடியில் செருகினார். ஏறினார், பொத்தானைக் குத்தினார், ஐந்து கஜம் ஓட்டினார், நிறுத்தினார், ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், இறங்கினார், கதவைச் சாத்திவிட்டு நடந்தார்.

பத்தடி நடந்தபோது காருக்குள்ளிருந்து கீ, கீ, கீ என்று மெல்லிய சத்தம் கேட்டது. சோமன் திரும்பிப் பார்த்து நின்றுவிட்டார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்ன சத்தம்?" என்றார் சோமன்.

"எஞ்சின் ஓடுது, ரிமோட்டு விலகிப் போவுதுன்னு சொல்லுகது அண்ணா," என்றான் டெனில். "அண்ணைக்கே சொன்னேனே. நீங்க அப்ப டீக்கடையில ஆளுகளுக்குக் காட்டிட்டு இருந்தீங்க."

"ரிமோட்டு எனக்க மடியில இருக்கு. பின்ன எப்பிடி ஓடும்?"

"தொடங்குகதுக்குத்தான் ரிமோட்டு பக்கத்தில வேணும். தொடங்கியாச்சுன்னா அது கொல்லத்துக்குப் போனாலும் வண்டி நிக்காது. நடுரோட்டில நின்னா ஆபத்தில்லா? அதுக்காக்கும் அப்பிடி வச்சிருக்காவ. பொத்தானை ஒருக்கக் கூடக் குத்தினாத்தான் ஓஃப். ஓஃப் ஆனபிறகு ரிமோட்டு இல்லாம தலைகீழா நின்னாலும் கிளம்பாது."

"கதவு?"

"எஞ்சின் ஓடும்போ ரிமோட்டு விலகினா பூட்டாது. பின்ன ஓஃப் பண்ணினாலும் திறந்துதான் கிடக்கும்."

சோமன் ஓட்டிய முப்பது வருஷமும் சாவியைப் பிடுங்கினால்தான் கார் நின்றது. சாவி கையில் இருந்தால் கார் நின்றுவிட்டது என்று அர்த்தம். இடுப்பில் ரிமோட்டு இருக்கிறது என்ற தைரியத்தில், நிறுத்த வேண்டும் என்பதையே கை மறந்துவிட்டது. காலையில் பத்தடி தள்ளி ஆறு செண்டைகள் உச்சத்தில் முழங்கிக்கொண்டிருக்க, கீ கீ என்ற சத்தத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

"அப்ப எந்தக் கள்ளனுக்கும் ரிமோட்டு வேண்டாம்," என்றார் சத்தியதாஸ் மெதுவாக. "பக்கத்தில நிக்கணும். ஓடுகதக் கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான்."

அவர் காரின் முன்னால் போய் நின்றார். பானெட்டில் பாதி தொங்கிய கேந்திப்பூ மாலை நடுங்கிக்கொண்டிருந்தது. ஓட்டத் தெரிந்தவன் கண்ணுக்கு அது போதும்.

எஸ்.ஐ. மசியவில்லை. ஓடும் காரை டெனிலும்தானே எடுத்திருக்கலாம்?

"எடுத்திருந்தா கேட்டில ஓஃப் பண்ணியிருக்க மாட்டான் சாரே," என்றார் சத்தியதாஸ். "ஓஃப் பண்ணினா பிறகு கிளம்பாதுன்னு தெரிஞ்ச ஆளு சோமனை விட்டா இந்த ஊரில அவன் ஒருத்தன்தான். கூலிக்கு ஆள் வச்சிருந்தாலும் முதல்ல அதைத்தான் சொல்லிக் குடுத்திருப்பான். கார எடுத்தவன் நியூட்ரல் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சாவகாசமா ஓஃப் பண்ணியிருக்கான். ஒரு குத்துக் குத்தினா கிளம்பும்னு நம்பியிருக்கான். சோமன் டீக்கடையில காட்டின வித்தைய நம்பினவனாக்கும் அவன்."

"எந்தா ஏட்டே, ஆள் யாரு?"

"அஞ்சு மணிக்குச் சொல்லுதேன். டெனிலைக் கூட்டிட்டுப் போறேன். அவன் ஓடினா எனக்க தொப்பிய எடுத்துக்கிடும்."

மாலை 5.00.

சத்தியதாஸ், டெனில், சோமன், சத்யபாமா நான்கு பேரும் ஆலமரத்தடியில் காத்து நின்றார்கள். பொன்னப்பனும் அங்கேதான் இருந்தான். ஜீப் அதே இடத்தில் நின்றது. போற்றி தாணுமாலயன் குளித்த ஈரத்தோடு வந்து வெளிவாசலைத் திறந்தபோது, பொன்னப்பன் எல்லாருக்கும் முன்னால் உள்ளே போக நகர்ந்தான்.

"நில்லு பொன்னப்பா," என்றார் சத்தியதாஸ். "போற்றியே, அந்த அழியில சட்டை ஏதும் தொங்குதா?"

போற்றி எட்டிப் பார்த்தார். "ஒண்ணு உண்டு. மத்தியானமும் கண்டேன். யாரோ மறந்து விட்டிட்டுப் போயிட்டாவ."

"கொஞ்சம் வெளிய கொண்டு வாரும். நான் உள்ள வரக்கூடாதில்லா."

ஆகாய நீலச் சட்டை ஒன்று வந்தது. சத்தியதாஸ் அதன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஜீப்பின் பானெட்டில் வைத்தார். ஒரு கட்டு பீடி. நாற்பது ரூபாய். ஒரு டிரைவிங் லைசென்ஸ். கடைசியில், கறுத்த நூலில் கோத்த ஒரு வண்டிச் சாவி.

லைசென்ஸில் ஒட்டியிருந்த பொன்னப்பன் மீசையோடு எல்லாரையும் பார்த்தான்.

"டெனிலே, இந்தச் சாவியப் போட்டு ஜீப்பை எடு."

டெனில் ஏறினான். சாவியைத் திருப்பினான். கிளச்சை மிதித்து, கியரைப் போட்டு, பத்தடி முன்னால் ஓட்டி, பத்தடி பின்னால் கொண்டுவந்து நிறுத்தினான். கேபிள் பொன்னாட்டம் இருந்தது.

"சமயத்தில நமக்குக் கண்ணு இருந்தும் காணாது," என்றார் சத்தியதாஸ். தன் மேலேயே அவருக்குக் கோபம். "ஈசாக் சொன்னாரு, கார் கொண்டுவந்த ஆளுக்குச் சட்டை இல்லன்னு. கூலியாளுன்னு எல்லாரும் முடிவு பண்ணியாச்சு. கூலியாளு புதன்கிழமை கசவு வேட்டியா உடுப்பான்? நல்ல வேட்டி உடுத்தி, சட்டை மட்டும் இல்லாத ஆளு இந்தப் பக்கத்தில எங்க நிப்பான்? கோயிலில நிப்பான். கோயிலுக்கு உள்ள சட்டையக் கழற்றி அழியில போட்டிட்டு, பூஜை பாக்க வெளிய வந்தவன். வந்த இடத்தில பூமாலை நடுங்குகதக் கண்டான். ஏறினான், போனான்."

பொன்னப்பன் தரையைப் பார்த்தான்.

"பாதியில கேட்டு அடச்சாச்சு. கை பழக்கத்தில ஓஃப் பண்ணிட்டான். பின்ன கிளம்பல்ல. பெட்டிய உடச்சு மாலைய எடுத்திட்டு மூணு கிலோமீட்டர் நடந்து இங்க வந்தான். எதுக்கு வந்தான்? வேற எங்கயும் போக முடியாது. சட்டை இங்க, பஸ்ஸுக்குப் பைசா சட்டையில, ஜீப்புக்குச் சாவியும் சட்டையில. வந்து பாத்தா வாசல் பூட்டியாச்சு. சாவி இல்லாத காரு ஓடிப்போச்சு; சாவி உள்ள ஜீப்பு நின்ன இடத்தில நிக்குது."

அவர் சோமன் பக்கம் திரும்பினார். "பன்னிரண்டு பத்துக்கு நான் இங்க வந்து இறங்கினேன். நடை அடச்சு ஒரு மணிக்கூறு. நீரு சட்டை போட்டிருந்தீரு, செண்டைகாரன்மாரு போட்டிருந்தாவ, நின்ன ஆம்பிளை அத்தனை பேரும் போட்டிருந்தாவ. ஒருத்தன் மட்டும் வெறும் மேலோட நின்னான், அவன்கிட்ட நான் பேசவும் செய்தேன். கோயில் வாசல்ல சட்டை போடாத ஆளைக் கண்டா யாருக்கு விசேஷமாத் தோணும்? எனக்கும் தோணல்ல."

"மாலைய எடு மக்கா," என்றார் பொன்னப்பனிடம், குரலை உயர்த்தாமல்.

பொன்னப்பன் இடுப்பில் இறுக்கிய தோர்த்தை அவிழ்த்தான். கசவு வேட்டியின் மடியிலிருந்து மாலை வெளியே வந்தது. மத்தியானம் முழுவதும் அவன் ஏன் உட்காராமலே நின்றான் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது.

"கண்ணு மறைஞ்சு போச்சு சாரே," என்றான். "வண்டி ஓடிட்டு நிக்குது. ஆளு இல்ல. பெட்டியில மாலை இருக்கதும் தெரியும். களியக்காவிளை தாண்டிட்டா தமிழ்நாடு. ஒரு நிமிஷம் முன்ன வரைக்கும் எனக்க மனசில இது இல்ல. சத்தியமாட்டு இல்ல."

அது பொய்யாக இருக்காது என்றே சத்தியதாஸுக்குத் தோன்றியது. அதனால் குற்றம் குறைந்துவிடாது என்பதும் அவருக்குத் தெரியும்.

சத்யபாமா மாலையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சோமன் டெனிலின் முன்னால் போய் நின்று அவன் தோளில் கையை வைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு நிக்க மாட்டியேடா."

"மஸ்கட்டிலிருந்து போன் பண்ணுதேன் அண்ணா," என்றான் டெனில். "அந்த ரிமோட்டைப் பத்தி ஊருக்கு ஒருக்கச் சொல்லிரும். வித்தை போனாலும் பரவாயில்ல."

டீக்கடை பூத்திலிருந்து சத்தியதாஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். மறுமுனையில் எஸ்.ஐ. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டெனிலின்டெ பேரு எழுதண்டா," என்றார். சத்தியதாஸ் போனை வைத்துவிட்டு வந்து, நீலச் சட்டையைப் பொன்னப்பனிடம் நீட்டினார்.

"போடு. கோயிலுக்குத்தான் வேண்டாம். ஸ்டேஷனுக்குச் சட்டை வேணும்."

மாலை 5.40.

ஜீப்பை டெனில் ஓட்டினான். பின்னால் பொன்னப்பன், அவன் பக்கத்தில் சத்தியதாஸ். ஊர் தாண்டி வளைவில் திரும்பியதும் ரெயில்வே கேட் அடைத்திருந்தது. ஈசாக் கொடியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்து நின்றார். டெனில் பிரேக்கை மிதித்து, எஞ்சினை ஓடவிட்டபடியே காத்திருந்தான். வெள்ளிக்கிழமை போகவேண்டிய தண்டவாளத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று. ரெயில் வரவில்லை.

பின்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த பொன்னப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"எலே டெனிலு," என்றான், "அந்த எஞ்சினை ஓஃப் பண்ணு மக்கா. டீசல் வீணாப் போவுது."